முன் சிலிண்டர்

புது இன்ஜின் பிளாக் வந்து இறங்கிய அன்று நெல்டா வீட்டு வாசலில் கணுக்கால் அளவு சேறு. லாரிக்காரன் கொட்டகை வரைக்கும் வர மாட்டேன் என்று சாலையோரத்திலேயே மரச்சட்டத்தோடு இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டான். நானும் டெல்மரும் என் டிராக்டரின் முன்கையில் சங்கிலி மாட்டி அதைத் தூக்கிக்கொண்டு போனோம். துருப் பிடிக்காமல் இருக்கத் தடவியிருந்த எண்ணெய் பிளாஸ்டிக் உறைக்குள் மினுங்கியது. நெல்டா முன்னால் நடந்தபடி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"ஆட்டாதய்யா, ஆட்டாத. பொணத்தயா தூக்கிட்டு வர்ற?"

"பொணம்னா இம்புட்டு கனக்காது," என்றான் டெல்மர்.

கார் கம்பெனி ஊற்றுகிற பிளாக் இல்லை இது. வடக்கே ஒரு ஃபவுண்டரியில் பந்தயத்துக்கென்றே தனியாக ஊற்றி எடுத்தது. கம்பெனி பிளாக்கை வீட்டுக்கு வீடு ரொட்டி வாங்கப் போகிற காருக்கு ஊற்றுகிறார்கள். அதன் சிலிண்டர் சுவர் மெல்லிசு, கிராங்க் என்கிற சுழல்தண்டைத் தாங்கும் குறுக்குச் சுவர்களும் மெல்லிசு. இதில் எல்லாமே தடிமன். அடிப்பக்கம் ஆயில் தொட்டி பொருந்தும் விளிம்புகள் இன்னும் அகலமாக விலகி நிற்கும். உள்ளே பெரிய கிராங்க் சுழல இடம் வேண்டுமே, அதற்காக.

கொட்டகைக்குப் பின்னால் நின்ற கறுப்பு வால்நட் மரங்களை விற்றுத்தான் அதை வாங்கினாள். அவள் தாய்வழியில் வந்த மரங்கள். அறுத்தவன் நான், மரம் அறுப்பதுதான் என் தொழில். அவள் புருஷன் வெர்லின் வாசல் படியில் உட்கார்ந்து நாங்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மரத்த வித்து இரும்ப வாங்கியாச்சு," என்றார். "அடுத்த வருசம் இரும்ப வித்துட்டு என்னத்த வாங்குவாளோ."

"உங்கள விக்கலாம்னா சும்மா குடுத்தாக்கூட ஒருத்தனும் எடுக்க மாட்டேங்கிறான்," என்றாள் நெல்டா.

வெர்லின் சிரித்தார். சிரிக்கும்போது வலது கையைத் தொடையின் கீழே செருகிக்கொள்வார். ஏப்ரலிலிருந்து வந்த பழக்கம் அது.

ஏப்ரலில் மில் க்ரீக் மண் திடலில் வருசத்தின் முதல் பந்தயம். வெர்லின் ஓட்டிய வண்டியில் இருந்தது ராய்ஸ் கட்டிக் கொடுத்த இன்ஜின். ராய்ஸ் நெல்டாவின் தம்பி. அவர்கள் அப்பாவின் இன்ஜின் பட்டறை இப்போது அவன் கையில். பின்பக்க நேர்வழியில் முழு வேகத்தில் போகும்போது பிளாக்கின் குறுக்குச் சுவர் இரண்டாகப் பிளந்தது. கிராங்க் இருப்புக்கொள்ளாமல் பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. தன் வண்டி கொட்டிய எண்ணெயில் தன் சக்கரமே வழுக்க, வண்டி சுவரில் மோதித் தீப்பிடித்தது. வெர்லினை இழுத்து எடுத்துவிட்டோம். ஆனால் அவருடைய வலது கை விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி மடங்கிப்போயின. மின்கம்பம் ஏறுகிற உத்தியோகம் அவருடையது. அதுவும் போயிற்று.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே நெல்டா உடைந்த பிளாக்கைச் சம்மட்டியால் இன்னும் உடைத்தாள். பிளந்த இடத்தில் வர்ணத்தைச் சுரண்டியபோது விரிசலின் ஓரத்தில் வரிசையாகக் குட்டி ஆணிகள் தெரிந்தன. விரிசல் மேலும் ஓடாமலிருக்கத் துளை போட்டு, மரை வெட்டி, ஆணி முறுக்கி, தேய்த்துச் சமமாக்கி, மேலே சிவப்பு வர்ணம் அடித்திருந்தது. ரயில் இன்ஜினுக்கோ தண்ணீர்ப் பம்புக்கோ இப்படிச் செய்யலாம். பந்தய இன்ஜினின் குறுக்குச் சுவரில் செய்தால் ஓட்டுகிறவனைக் கொல்லப் பார்ப்பது என்று அர்த்தம்.

ராய்ஸ் சொன்னது ஒன்றேதான். "நான் வாங்கும்போதே வர்ணம் இருந்துச்சு. உள்ள என்ன இருக்குன்னு எனக்கு எப்புடித் தெரியும்?"

வெர்லின் அதை நம்பினார். நெல்டா நம்பவில்லை. ஏப்ரலிலிருந்து அந்த வீட்டில் நடந்ததெல்லாம் இந்த ஒரே சண்டைதான். பீன்ஸ் கஞ்சிக்கும் சோள ரொட்டிக்கும் நடுவே, காபிக்கு நடுவே, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும் வழியில், அதே சண்டை.

ஆகஸ்டு முழுவதும் அவள் பிளாக்கைக் கழுவிக்கொண்டிருந்தாள். புது இரும்பு சுத்தமாக இருக்கும் என்று ஊரான் நினைப்பான். ஃபவுண்டரி மணலும் கடைசல் தூளும் எண்ணெய் ஓடும் துவாரங்களுக்குள் ஒளிந்திருக்கும். பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீர், நீள நீளமான பிரஷ், அப்புறம் குழாய்த் தண்ணீர், அப்புறம் காற்று. துவாரம் ஒவ்வொன்றிலும் வெள்ளைத் துணியை எண்ணெயில் நனைத்து விட்டு இழுப்பாள். துணியில் சாம்பல் நிறம் ஒட்டினால் மறுபடியும் சோப்பு. கூரான விளிம்புகளை அரத்தால் மழுக்கினாள். சிலிண்டரைத் தேய்க்கும்போது, மேல்மூடியான ஹெட் உட்காரும் இடத்தில் ஒரு தடித்த இரும்புத் தகட்டை வைத்து, உண்மையான ஹெட்டைப் போலவே இறுக்கிய பிறகுதான் தேய்த்தாள். போல்ட் இறுகும்போது சிலிண்டர் வட்டம் தப்பும்; இறுக்கத்தில் வட்டமாகத் தேய்த்தால் ஓட்டத்திலும் வட்டமாக இருக்கும். வெயில் ஏறினால் அளக்க மாட்டாள். இரும்பும் அளவுகோலும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும் என்று விடிகாலைக் குளிர்ச்சியில் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு அளப்பாள்.

ஒரு நாள் காலையில் நான் போனபோது எட்டு பிஸ்டன்களும் மேஜைமேல் ஒரு பழைய துண்டின் மேல் கிடந்தன. எனக்கே அவை சிறிசாகத் தெரிந்தன.

"இம்புட்டுப் பெரிய பிளாக்குல இத்துனூண்டு பிஸ்டனா?"

"கிராங்கும் சின்னதுதான்," என்றாள். "திடல் வரம்புக்கு ரொம்பக் கீழ நிக்கிறேன்."

"பின்ன எதுக்கு இத வாங்குன? பழைய பிளாக்கே போதுமே."

"பழைய பிளாக்க நான் சுத்துற வேகத்துக்குச் சுத்துனா பட்டாசாட்டம் தெறிச்சுரும். சின்ன கிராங்கு, சின்ன பிஸ்டன், ஆனா சும்மா பறக்கும். அதத் தாங்குறதுக்குத்தான் தடிச்ச சுவரு." கையைத் துடைத்துக்கொண்டே அடுத்ததைச் சொன்னாள். "அது ஒண்ணு. ரெண்டாவது, ராய்ஸ் வந்து குனிஞ்சு பாப்பான். அகலமான தொட்டியப் பாத்ததும் என்ன நெனப்பான்?"

உள்ளே ஆகப் பெரிய கிராங்க் இருக்கிறது, கொள்ளளவில் நெல்டா வரம்பு மீறிக் கட்டியிருக்கிறாள் என்று நினைப்பான். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

வெர்லின் வாசலில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தார். "சொல்லு, முழுசாச் சொல்லு. இவனும் தெரிஞ்சுக்கட்டும், நான் என்ன மாதிரி பொம்பளயக் கட்டியிருக்கேன்னு."

அவள் சொன்னாள். மில் க்ரீக்கில் இன்ஜினின் கொள்ளளவுக்கு வரம்பு உண்டு. தோற்றவன் ஜெயித்தவன்மேல் புகார் கொடுக்கலாம். அப்போது ஜெயித்தவனின் இன்ஜினைச் சோதனைக் கொட்டகையில் எல்லோர் முன்னாலும் ஹெட்டைக் கழற்றி அளப்பார்கள். வயிற்றெரிச்சலில் எவனும் புகார் கொடுத்துவிடக் கூடாதே என்று இன்னொரு வழக்கமும் உண்டு. புகார் கொடுத்தவனுடைய இன்ஜினிலும் ஒரு சிலிண்டரை, ஸ்பார்க் பிளக் துவாரம் வழியாகப் பம்பு மாதிரி ஒரு கருவியைப் பொருத்தி அளப்பார்கள். எந்தச் சிலிண்டர் என்று சொல்லும் உரிமை ஜெயித்தவருக்கு. ஆனால் நான் பார்த்த வரையில் யாரும் அப்படி ஒன்றைச் சொன்னதில்லை. முன்னால் இருப்பதுதான் கைக்குச் சுலபமாக எட்டும். பின்னால் இருப்பதெல்லாம் கொதிக்கும் புகைக்குழாய்களுக்கு நடுவே கிடக்கும். "முன்னாடி இருக்கிறதப் பாத்துட்டு விடு" என்பதுதான் பேச்சு.

"எங்கப்பா அதுல பொழச்சாரு," என்றாள் நெல்டா. "முன் சிலிண்டர மட்டும் குழல் எறக்கிச் சின்னதாக்கி வரம்புக்குள்ள வப்பாரு. மிச்சம் ஏழும் பெருசு. எங்க வீட்ல சாப்பாட்டு மேசையில பேசுற பேச்சு இது. ராய்ஸும் அதேதான் பண்றான். பட்டறைக் குப்பையில ஒத்தக் குழல் வாங்குன பெட்டியா கெடக்கு, ஒண்ணு ஒண்ணா. எட்டு சிலிண்டர் இன்ஜினுக்கு எவன் ஒத்தக் குழல் வாங்குவான்?"

"ஒங்கப்பா படம் திடல் ஆபீசுல மாட்டியிருக்கு," என்றார் வெர்லின். "அதையும் சேத்து எறக்கப் பாக்குற."

"அதத்தான் அவனும் நம்புறான். அக்கா அப்பா பேரக் கெடுக்க மாட்டாள்னு. அப்பா செத்துட்டாரு. அவருக்கு வலிக்காது. உங்க கை உசுரோட இருக்கு."

"ராய்ஸுக்குத் தெரிஞ்சிருக்காது நெல்டா. இரும்புக்குள்ள எவன் கண்ண விட்டுப் பாப்பான்?"

"அவன் பாப்பான். தெரியும்னு அவன் வாயால ஒரு தடவ நீங்க கேக்கணும். அதுக்கப்புறம் அவனக் கூப்பிட்டு ஒக்கார வச்சுக் கோழி பொரிச்சுப் போடுங்க. நானே பரிமாறுறேன்."

வெர்லின் வீட்டுக்குள் போனார். அவர் போன பிறகு நெல்டா என்னிடம், "அவரு நல்லவருன்னு நெனைக்காத," என்றாள். "ராய்ஸ் தெரிஞ்சே குடுத்தான்னு ஆயிட்டா, அவனச் சும்மா விட்டுட்டு இந்தப் பள்ளத்தாக்குல அவரு எப்புடி நடமாடுறது? அந்தப் பயந்தான்."

ராய்ஸ் வந்தான். அவன் வராமல் இருந்ததே இல்லை. வாரம் தவறாமல் ஏதாவது ஒன்றைக் கொண்டு வந்து வைப்பான். அன்று வெள்ளைத் தாளில் சுற்றிய மான்கறி. இன்ஜின் முழுசாகக் கட்டி முடிந்து சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. நெல்டா அதை வேண்டுமென்றே இடுப்பு உயரத்துக்குத் தூக்கி வைத்திருந்தாள்.

"மச்சான், ஒடம்பு எப்புடி இருக்கு?"

"இருக்கேன் மாப்ள. கறி எதுக்கு? போன வாரக் கறியே பெட்டில கெடக்கு."

போன வாரக் கறியை நாய்கள் தின்றுவிட்டன. வெர்லினுக்கும் அது தெரியும்.

ராய்ஸ் இன்ஜினைச் சுற்றி வந்தான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சந்தையில் குதிரை பார்க்கிறவன் மாதிரி நடந்தான். அப்புறம் செருப்பு வாரைச் சரிசெய்கிற பாவனையில் குனிந்தான். அடியில் ஆயில் தொட்டியின் அகலத்தில் அவன் கண் நின்றதை நான் பார்த்தேன்.

"எடம் தாராளமாத்தான் இருக்கும்போல, அக்கா."

"காசு குடுத்து வாங்குனது. தாராளமாத்தான் இருக்கும்."

"அப்பா இருந்தா சந்தோசப்பட்டிருப்பாரு. ஆனா பாத்து. ஆர்வில் இப்ப ரொம்பக் கறாரா அளக்கிறான்."

"அளக்கட்டும். எனக்கென்ன பயம்?"

அவன் சிரித்தான். அது ஜெயித்துவிட்டவனின் சிரிப்பு. மான்கறியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான். அவன் வண்டியின் சத்தம் பாலம் தாண்டும் வரை காத்திருந்து, நெல்டா பொட்டலத்தை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய் நாய்களைக் கூப்பிட்டாள்.

ஓட்டப்போவது டெல்மர். பகலில் வெல்டிங் வேலை, ஞாயிற்றுக்கிழமையில் இந்தப் பைத்தியம். பயிற்சி ஓட்டத்தில் நெல்டா அவனுக்கு ஒரே கட்டளைதான் போட்டாள். வளைவுக்கு ரொம்ப முன்னாடியே மிதியிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும்; இன்ஜினை உச்சத்துக்குப் போகவே விடக்கூடாது. சின்ன கிராங்க் உச்ச வேகத்தில் ஊளையிடும். அந்த ஊளை ராய்ஸின் காதில் விழுந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று உடனே புரிந்துகொள்வான். பாதி வேகத்தில் எல்லா இன்ஜினும் ஒரே மாதிரிதான் உறுமும்.

"என்னைய மாட்டு வண்டி ஓட்டச் சொல்ற," என்று டெல்மர் அலுத்துக்கொண்டான்.

"ஓட்டு. ஞாயித்துக்கெழம அவுத்து விடுறேன்."

அக்டோபரின் அந்த ஞாயிறு பிற்பகல் வெயில் சுரீரென்று அடித்தது. இரண்டு நாள் மழைக்குப் பிறகு திடல் மண் கறுத்து, பிசுபிசுப்பாக, சக்கரத்தைப் பிடிக்கிற பதத்தில் கிடந்தது. பொரித்த போலோனியா இறைச்சி சாண்ட்விச் வாசமும் எரிந்த ரப்பர் வாசமும் கலந்து வந்தன. வெர்லின் ஏப்ரலுக்குப் பிறகு அன்றுதான் திடலுக்குள் வந்தார். நெல்டா கட்டாயப்படுத்தவில்லை. "நீங்க வரலைன்னா இதெல்லாம் எனக்கு வேண்டியதே இல்ல," என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

கொடி அசைந்தது. ராய்ஸ் தன் வண்டியைத் தானே ஓட்டினான், நன்றாகவே ஓட்டினான். பாதி ஓட்டம் வரை டெல்மர் அவன் பின்னால் ஒட்டிக்கொண்டே போனான். அப்புறம் நெல்டா வேலிக்கு மேல் கையை உயர்த்திக் காட்டினாள். அவ்வளவுதான், அவன் மிதியைத் தரையோடு அழுத்தினான்.

அப்படி ஒரு சத்தத்தை நாங்கள் மில் க்ரீக்கில் கேட்டதில்லை. உறுமல் இல்லை அது. தகரத்தை நீளமாகக் கிழிக்கிற மாதிரி ஒரு ஊளை. வெர்லின் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"பொம்பளையா அது! பாவி, எம்புட்டுச் சுத்துறா பாரு!"

டெல்மர் ராய்ஸை வெளிப்பக்கமாகத் தாண்டி, கடைசிச் சுற்றில் நேர்வழியின் பாதி தூரம் முன்னால் ஜெயித்தான். கொடி விழுந்ததும் ராய்ஸ் வண்டியை நேரே சோதனைக் கொட்டகைக்கு ஓட்டி வந்து, தலைக்கவசத்தைக் கழற்றும் முன்பே, "புகார்," என்றான். அவன் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தவன். தன் இன்ஜின் சத்தத்தில் மற்றதன் ஊளை அவன் காதில் விழவில்லை. தொட்டியின் அகலம் மட்டும்தான் அவன் கண்ணில் நின்றது.

கூட்டம் கொட்டகையைச் சுற்றி மொய்த்தது. சோதகன் ஆர்வில் பெரிய வயிறும் சின்னக் குரலும் உள்ளவன். டெல்மர் கையைச் சுட்டுக்கொண்டே ஹெட்டைக் கழற்றினான். ஆர்வில் சிலிண்டரின் அகலத்தை அளந்தான். பிஸ்டனை மேலும் கீழும் ஓட்டி உயரத்தை அளந்தான். கணக்குப் போட்டான். மறுபடியும் அளந்தான்.

"வரம்புக்குக் கீழ," என்றான். "கீழன்னா சும்மா இல்ல, ரொம்பக் கீழ. ஏம்மா, தையல் மிசினுக்கா கட்டுன இத?"

கூட்டம் சிரித்தது. ராய்ஸ் கிட்டே வந்து திறந்த சிலிண்டருக்குள் பார்த்தான். தடித்த சுவருக்கு நடுவே சிறிய ஓட்டை. அவன் முகம் மெல்ல மெல்ல மாறியது.

"சரி, வழக்கம் வழக்கம்தான்," என்று ஆர்வில் அளவுப் பம்பை எடுத்துக்கொண்டு ராய்ஸ் வண்டியின் முன்பக்கம் போனான்.

"நில்லு ஆர்வில்," என்றாள் நெல்டா. "எந்த சிலிண்டர்னு நாங்க சொல்லணும்."

சிரிப்பு நின்றது. ராய்ஸ் அவள் முகத்தைப் பார்த்தான். வரம்பு மீறியது தெரிந்தால் இந்தத் திடல் மட்டுமில்லை, சங்கத்தில் உள்ள எந்தத் திடலும் அவனை உள்ளே விடாது. அவன் இன்ஜினை யாரும் வாங்க மாட்டார்கள். பட்டறை பூட்டு.

நெல்டா அவன் அருகே போனாள். பக்கத்தில் வெர்லின் ஒரு கவிழ்த்த டயரின் மேல் உட்கார்ந்திருந்தார்; நான் அவர் பின்னால். அவள் குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள். ஆனால் வெர்லினுக்குக் கேட்காதபடி தாழ்த்தவில்லை.

"ராய்ஸ், அந்த ஆணி உனக்குத் தெரியும்."

"அக்கா, இங்க வச்சு என்னத்துக்கு..."

"தெரியும்னு சொல்லு. சொல்லிட்டேன்னா நான் முன் சிலிண்டர்னு சொல்லிட்டுப் போயிருவேன். அப்பா படமும் இருக்கட்டும், ஒன் பட்டறையும் இருக்கட்டும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

ராய்ஸ் வெர்லினைப் பார்த்தான். அப்புறம் தரையைப் பார்த்தான். அவன் நெற்றியில் மண்ணும் வியர்வையும் வழிந்தன.

"தெரியும்," என்றான். "நான்தான் ஆணி போட்டேன். நிக்கும்னு நெனச்சேன் மச்சான். சத்தியமா ஒரு சீசன் நிக்கும்னுதான் நெனச்சேன்."

வெர்லின் அசையவில்லை. தொடைக்குக் கீழிருந்த வலது கையை மட்டும் வெளியே எடுத்து, மடங்கிய விரல்களோடு முழங்கால்மேல் வைத்தார். ஊர் பார்க்க அவர் அதை வெளியே வைத்து நான் கண்டதில்லை.

"என்னம்மா?" என்றான் ஆர்வில். "முன்னாடி இருக்கிறதுதானே?"

நெல்டா மூச்சை இழுத்துவிட்டாள். "ஆமா. முன்..."

"அவளக் கேக்காத ஆர்வில்," என்றார் வெர்லின். "வண்டி யாரு பேருல இருக்கு?"

"உங்க பேருலதான்."

"அப்ப என்னையக் கேளு."

"சரி, நீங்களே சொல்லுங்க. எது?"

"கடைசி."

தூரத்தில் ஏதோ ஒரு வண்டியை டிரெயிலரில் ஏற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. ராய்ஸ் அக்காவின் கையைப் பிடித்தான்.

"அக்கா, நீ வாக்குக் குடுத்த."

"குடுத்தேன்," என்றாள் நெல்டா. அவள் முகம் வெளிறியிருந்தது. "முன்னாடின்னுதான் சொல்ல வந்தேன். நீயும் கேட்ட."

அவன் வெர்லினிடம் போய்க் குனிந்தான். "மச்சான். மச்சான், இங்க பாருங்க. உங்க வீட்டுக்குக் குளுருக்கு வெறகு அறுத்துப் போட்டேன். கூரை மாத்தினேன். வாரா வாரம் வந்து நின்னேன்."

"வந்த மாப்ள," என்றார் வெர்லின். "வந்து என் கையப் பாத்துட்டு, 'ஒடம்பு எப்புடி இருக்கு'ன்னு கேட்ட. ஒவ்வொரு வாரமும் கேட்ட."

ஆர்வில் பம்பைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினான். "கடைசின்னா கொழாய்க்கு நடுவுல இருக்கு. இப்பத் தொட்டா கை வெந்துரும். முன்னாடி இருக்கிறதுன்னா இந்த நிமிசமே பாத்துரலாம். யோசிச்சுச் சொல்லுங்க வெர்லின்."

"யோசிச்சாச்சு. ஆறட்டும்."

"நேரமாகும்."

"ஆகட்டும். ஏறுறதுக்கு எனக்குக் கம்பமா காத்துக்கிட்டு இருக்கு?"

ஆர்வில் வண்டியின் மூடியைத் திறந்து வைத்துவிட்டு ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கூட்டத்தில் ஒருவரும் கலையவில்லை. ராய்ஸ் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு தன் வண்டியின் சக்கரத்தில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். நெல்டா புருஷன் பக்கம் போகவில்லை, தம்பி பக்கமும் போகவில்லை. டெல்மர் கழற்றிப் போட்டிருந்த ஹெட் போல்ட்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் துடைத்து வரிசையாக வைக்க ஆரம்பித்தாள்.

புகைக்குழாயின் இரும்பு ஆறும்போது டிக், டிக் என்று சத்தம் போடும். வெர்லின் டயரை இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்த்திப் போட்டு உட்கார்ந்து, அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.